இருபத்தெட்டு அங்குலம்

என் கால்கள் ஓரிடத்தில் நிற்காதவை. கூட்டத்தில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, படி இறங்கி, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்து உட்காருவேன். அரியலூரில் ஒரு பெயின்ட் கடைக்கு மேல், மாடியில், மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வாசகர் கூட்டம். சிமென்ட் லாரிகள் போகும் தெரு. ஜன்னலோர நாற்காலிகளில் எங்களுக்கு முன்பே மெல்லிய சாம்பல் நிறத்தில் தூசி உட்கார்ந்திருக்கும். அதைத் தட்டிவிட்டு நாங்கள் உட்காருவோம். அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று போடுவோம். எழுதிப் போடுவது நான்தான்.

கீழப்பழுவூரிலிருந்து ஒரு பெண் எங்கள் வாட்ஸப் குழுவில் எழுதிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா, நாற்பது வயதிருக்கும். வெட்டிய துணியின் ஓரம் பிரிந்து நிற்பதைப் பற்றி அவர் எழுதிய நாலு வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் ஒன்றும் எழுதவில்லை. நேரில் வந்து வாசியுங்கள் என்று மாதாமாதம் கூப்பிடுவேன். பார்க்கலாங்க என்பார், வரமாட்டார். ஒருநாள் போனில் கேட்டார்.

"படி எத்தனை சார்?"

எனக்குத் தெரியவில்லை. வருடக்கணக்காக ஏறி இறங்கிய படி. போய் எண்ணினேன். பத்தொன்பது. சொன்னேன். அப்போதுதான், தான் சக்கர நாற்காலியில் இருப்பதைச் சொன்னார், தன் ஊருக்குப் பஸ் குறைவு என்று சொல்வதுபோல.

கூட்டத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற தபால்காரர். வெயிலில் அலைந்து எல்லாரையும் தம்பி, தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகியவர். அவரையும் கூட்டிக்கொண்டு கீழப்பழுவூர் போனேன். வாசலில் நின்றபடியே அவர் விஷயத்தை முடித்தார்.

"தூக்கிடலாம் தங்கச்சி. நாங்க நாலு பேரு எதுக்கு இருக்கோம்?"

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார்.

"நாலு பேரு தூக்குறதுக்கு இன்னும் நாள் இருக்குண்ணே. அதுக்குள்ள நீங்க நாலு பேரும் ஒருதடவ எறங்கி வாங்களேன்."

தபால்காரர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் அன்பு என்றால் தூக்குவது. கோயில் படியில், கல்யாண மேடையில், ஓட்டுச்சாவடியில், கேட்காமலே கைகள் வந்துவிடும். தூக்கப்படுகிறவரின் புடவை எங்கே விலகுகிறது என்று அந்தக் கைகளுக்குத் தெரியாது. அதைத் தையல்காரம்மா சொல்லவில்லை. சொன்னது தண்ணீரைப் பற்றி. விசேஷத்துக்குப் போவதென்றால் முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவாராம். போகிற இடத்தில் பாத்ரூம் கதவுக்குள் நாற்காலி நுழையாது. நாக்கு வறண்டு, தலை வலித்து, பாதியில் கிளம்பிவிடுவாராம். வந்தோம், வாசித்தோம் என்று போக அவருக்கு மனமில்லை. எல்லாரையும்போலக் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"கதவு இருபத்தெட்டு அங்குலம் இருந்தா வரேன். இல்லன்னா சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

அந்த டேப்போடு ஊரைச் சுற்றினேன். இருபத்திரண்டு. இருபத்துநாலு. மறுபடி இருபத்திரண்டு. ஊரையே ஒல்லியானவர்களுக்காகக் கட்டியிருக்கிறார்கள். பாத்ரூம் கதவை அளக்கும் என்னைப் பார்த்து ஒரு வாட்ச்மேன், கழட்டிட்டுப் போற எண்ணமா என்று கேட்டார்.

கடைசியில் பெரம்பலூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதம்; முகூர்த்தமில்லாமல் சும்மா கிடந்தது. கீழ்த்தளத்தில் பந்திக் கூடம். மணமகள் அறையை ஒட்டிய பாத்ரூமுக்கு முப்பது அங்குலக் கதவு. பட்டுப்புடவையோடு நுழைவதற்காக இருக்கலாம். வாசலில் இரண்டே படி. மண்டபக்காரரிடம் சொல்லி, தெரிந்த கொத்தனாரை வைத்து, தபால்காரர் நீளமாக ஒரு சரிவு போட்டார். நான் ஓட்டல் தள்ளுவண்டி ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். ஏறியது.

அந்த மாதக் கூட்டத்து ஞாயிறு காலை ஆட்டோ வந்தது. தையல்காரம்மா நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, சக்கரத்தில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

சரிவின் நட்டநடுவில் வரவேற்பு மேசை. சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, கல்கண்டுத் தட்டு. சரிவில் மேசை சாயாமலிருக்க, பள்ளத்துப் பக்கக் கால்களுக்குச் செங்கல் வேறு. விடிகாலையிலேயே வந்து தபால்காரர் செய்த வேலை.

"வர்றவங்கள நடுவாசல்ல நின்னுதானே கூப்புடணும்?" என்றார், உண்மையாகவே புரியாமல்.

"பன்னீர் தெளிச்சித் திருப்பி அனுப்புறதா இருந்தா சரிதாண்ணே," என்றார் தையல்காரம்மா.

அப்போதுதான் தபால்காரருக்குப் பட்டது. மேசையைத் தனியாளாகத் தூக்கினார். கல்கண்டு உருண்டோடியது. உதவப் போன என்னிடம், நீ சும்மா இரு தம்பி என்றார்.

தையல்காரம்மா ஏறினார். மெதுவாக. நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். எங்கள் கைகளெல்லாம் தாமாக முன்னே போயின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சும்மா நிற்பது எனக்கு என்றுமே கஷ்டம்.

சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே அவர் வாசித்தார். குரல் நடுங்கவில்லை. உதடு மட்டும் காய்ந்து கிடந்தது. நான் அளந்து சொல்லியும், அன்றும் தண்ணீர் குடிக்காமல்தான் வந்திருந்தார். என் சொல்லை நம்பி அவர் உடம்பு ஏன் துணிய வேண்டும்?

டீ வந்தது. டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, எந்தக் கதவு என்று கேட்டார். காட்டினேன். போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து தபால்காரரிடம் சொன்னார்:

"பொண்ணு ரூமுக்கு ஒருவழியா வந்து சேந்துட்டேண்ணே."

தபால்காரர் இந்தமுறை தைரியமாகச் சிரித்தார். ஆறிப்போன டீயைத் தையல்காரம்மா ஒரே மூச்சில் குடித்தார்.

அடுத்தவர் பேச ஆரம்பித்தார். நீளமான பேச்சு. வழக்கம்போல என் கால்கள் எழுந்தன. தையல்காரம்மாவின் நாற்காலியைக் கடக்கும்போது அவர் மெல்லிய குரலில் சொன்னார்:

"சார், வெளிய போறீங்கன்னா எனக்கும் இன்னொரு டீ சொல்லுங்க."