நேசக்கா அகப்பையை வைத்துவிட்டுப் போன அசனம்

செய்தி சபையின் வாட்சப் குழுவில்தான் வந்தது. மேலே பிளம் கேக்குக்குப் பெயர் கொடுக்கச் சொல்லும் அறிவிப்பு, கீழே மின்னி மின்னி அணையும் ஒரு நட்சத்திரப் படம். இரண்டுக்கும் நடுவில், "தங்கநேசம் அம்மா இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்." அதற்கு அடியில் வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒரு வருடமாக அவர் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களின் கைகள். என் கையும் அதில் இருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மூணாறு மலையில், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனில் இருப்பவர்களுக்குத் தங்கநேசம் என்கிற நேசக்கா யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். கணவரைச் சீக்கிரம் பறிகொடுத்து, பிள்ளைகள் திருப்பூருக்குப் போனபின் கீழ் லயத்து வரிசை வீடு ஒன்றில் தனியாக இருந்தவர். கிறிஸ்துமஸ் அசனத்தில் சோற்று அகப்பை அவர் கையில்தான் இருக்கும். நான் அந்தச் சபைக் கமிட்டியின் செயலாளர் சாமுவேல். அடக்க ஆராதனையில் என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அங்கே முழுங்கியதை இங்கே எழுதுகிறேன். படித்து யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

அசனம் என்பது எங்கள் தாத்தாக்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்த மலைக்குக் கொழுந்தெடுக்க வந்தபோது கூடவே கொண்டுவந்த வழக்கம். பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் தார்ப்பாயை விரித்து, எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது. யார் வந்தாலும் இலை போடுவோம், பெயர் கேட்க மாட்டோம். மாரியம்மன் கொடைக்கு எங்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற பக்கத்து லயத்துக்காரர்கள் வந்து உட்காருவார்கள். கங்காணி பக்கத்தில் ஃபேக்டரி தொழிலாளி உட்காருவார். "சோத்தைப் போடும்போது முகத்தைப் பாக்கக் கூடாதுடே, எலையத்தான் பாக்கணும்" என்பார் நேசக்கா. புதிதாகப் பரிமாற வருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

பிறகு எங்களுக்கு நாகரிகம் வந்தது. மலையில் ரிசார்ட்டுகள் முளைத்தன. எங்கள் பாடகர் குழு வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு ரிசார்ட் புல்வெளியில் சிவப்புத் தொப்பி போட்டுப் பாடப் போனது. கோயில் வாசலில் பஞ்சை ஒட்டிப் பனி செய்து, பெரிய குடில் கட்டினோம். டூரிஸ்டுகள் வந்து படம் பிடித்தார்கள், சிலர் பந்தியிலும் உட்கார்ந்தார்கள். ஒரு வருடம் சோறு பற்றாமல் போனது. அடுத்த கூட்டத்தில் அசனத்துக்கு டோக்கன் என்று தீர்மானம் போட்டோம். சபைப் பதிவேட்டில் பெயர் உள்ள குடும்பங்களுக்கு மட்டும். நேசக்கா மகளிர் சங்கத்தின் சார்பில் வந்திருந்தார். "பந்திக்குச் சீட்டா? இது என்ன பஸ்ஸா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டோக்கன்களை என் கையாலேயே எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று போதகர் பாராட்டியபோது பூரித்தும் போனேன். சீ!

போன கிறிஸ்துமஸ் அன்று, 'கிறிஸ்துமஸின் மெய்யான அர்த்தம்' என்று வழக்கம்போலப் பிரசங்கம். இடமில்லாதவருக்கு இடம் கொடுப்பதே பண்டிகை என்று போதகர் சொன்னார். ஆமென் என்றோம். வெளியே வந்து, வாசலில் மேசை போட்டு டோக்கன் வாங்க உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சலோமி வந்தார். ஜார்க்கண்டிலிருந்து வந்து நேசக்காவோடு ஒரே தேயிலைக் காட்டில் கொழுந்தெடுத்தவர். கூடவே கணவர், இரண்டு பெண் குழந்தைகள். நால்வரும் தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, மடிப்புக் கலையாத புது உடுப்பில் இருந்தார்கள். எங்கள் ஊரில் வடக்கேயிருந்து வந்த எல்லோருக்கும் ஒரே பெயர், பெங்காளி. அவர்கள் கிறிஸ்தவர்களா என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. நேசக்கா மட்டும் கேட்டிருக்கிறார்.

"நேசக்கா வரான் பறஞ்ஞு" என்றார் சலோமி, தோட்டத்தில் கற்ற மலையாளத்தில். அக்கா வரச் சொன்னாராம். டோக்கன் எங்கே என்றேன். அவருக்குப் புரியவில்லை. பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அவர்கள் ஊர்ச் சபை கொடுத்த கடிதம், சபை முத்திரையோடு. ஊர் மாறிப் போகிறவர்கள் புதிய சபையில் கொடுக்க வேண்டிய மாற்றுக் கடிதம். முத்திரையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் விளங்காமல் செய்தேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தியில் இருக்கிறது, இன்றைக்கு ஆபீஸ் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிக் கடிதத்தைப் பதிவேட்டுக்குள் வைத்தேன். "மிச்சம் இருந்தால் தருகிறோம், ஓரமாக நில்லுங்கள்" என்று குடில் பக்கம் கையைக் காட்டினேன். நின்றார்கள். ரிசார்ட்டிலிருந்து வந்த ஒருவர் சின்னப் பெண்ணைக் குடிலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பந்தியில் இலை போட்டிருந்தது, கமிட்டித் தலைவரின் விருந்தாளி என்று.

நேசக்கா முதல் பந்திக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தவர் இதைப் பார்த்தார். அகப்பையை அண்டாவில் வைத்துவிட்டு நேரே மேசைக்கு வந்தார்.

"ஏலே சாமுவேலு, இன்னைக்கி யாருக்குப் பொறந்தநாளு?"

"அக்கா, கமிட்டி தீர்மானம்..."

என் காலடியில் காறித் துப்பினார். கோயில் முற்றத்தில், பண்டிகை நாளில். சபையாரே, உங்களில் பாதிப் பேர் பார்த்தீர்கள். பிறகு சின்னப் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். தன் வீட்டில் உலை வைத்து அவர்களுக்குப் போட்டார். சாயங்காலம் கமிட்டி சமாதானமாக ஒரு தூக்குவாளி நிறைய அசனச் சோறும் கறியும் கொடுத்தனுப்பியது. மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினார். "இத நாயிக்கும் போட்டுராதீங்க. நாயி நன்றி உள்ளது" என்றாராம்.

துப்பியதற்கு மன்னிப்புக் கேட்கும்வரை நேசக்காவை அசன வேலையில் சேர்ப்பதில்லை என்று கமிட்டி முடிவு செய்தது. அதை அவருக்குத் தெரிவிக்கும் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தப் பிள்ள குடுத்த காயிதத்த வாசிச்சியா?"

"இந்திக்கா. ஆள் பாக்கணும்."

"வாசிச்சிட்டுச் சொல்லு. அன்னைக்கி நான் மன்னிப்புக் கேக்கேன்."

மூணாறில் இந்தி படிக்கத் தெரிந்தவர் நூறு பேர் இருப்பார்கள். எனக்கு ஒருவர் கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சலோமி குடும்பம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, தமிழ்ப் பாட்டுக்கு வாயசைத்துவிட்டுப் போகும். நான் பார்க்காத மாதிரி பதிவேட்டைப் புரட்டுவேன். அப்படியே ஒரு வருடம் ஓட்டினேன்.

நேசக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, இனி தேறமாட்டார் என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னார். எழுதிக்கொண்டு போய் அக்காவின் கட்டிலருகே வாசித்தேன். "இந்த நால்வரும் எங்கள் சபையின் பிள்ளைகள். உங்கள் நடுவே இவர்களுக்கு இடம் கொடுங்கள். உங்களவர் யாராவது எங்கள் பக்கம் வந்தால் நாங்களும் கொடுப்போம்." அவ்வளவுதான் அதில் இருந்தது.

அக்கா கண்ணை மூடிக் கேட்டார். "சொன்னபடி மன்னிப்புக் கேக்கேன்" என்றார். "தரையில துப்புனது தப்புதான். தரை என்ன பாவம் செஞ்சுச்சு?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "இந்தப் பண்டியலுக்கு முன்னால அவங்க பேர கோயில்ல வாசிச்சு சபையில சேத்துருவியா?" என்று கேட்டார். அந்தக் கட்டிலில் கிடந்து அவர் வேறு எதையும் கேட்கவில்லை. சரி அக்கா என்று சொல்ல ஒரு நொடி போதும். என் வாய் சொன்னது, "கமிட்டியில வைக்கேன் அக்கா." அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் புறப்படும்வரை திரும்பவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அடக்கத்தன்று குழி வெட்டியது யாரென்று உங்களுக்குத் தெரியும். நம் வாலிபர்கள் ரிசார்ட்டில் பாட்டு ஒத்திகையில் இருந்தார்கள். சலோமியின் கணவர்தான் மண்வெட்டியோடு இறங்கினார். மேலே ஃப்ளெக்ஸில் அக்காவின் படம், 'பசித்தோரின் அன்னை' என்று. ஒரு வருடம் அவரை அண்டாப் பக்கமே விடாதவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மைக் பிடித்தார்கள். இந்த வருட அசனத்துக்கு அவர் பெயரை வைப்பதாகவும், டோக்கனில் அவர் படத்தை அச்சடிப்பதாகவும் கமிட்டித் தலைவர் அறிவித்தார். வாய் கூசவில்லை அவருக்கு. அதைக் கேட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்துதான் இருந்தேன்.

போன ஞாயிறு யாரிடமும் கேட்காமல், அறிவிப்பு நேரத்தில் எழுந்து அந்தக் கடிதத்தை வாசித்தேன். புதிய குடும்பத்தைச் சேர்க்கும்போது பெயரை வாசிப்பதும், அவர்கள் எழுந்து நிற்பதும், சபை ஆமென் சொல்வதும் நம் வழக்கம். நான்கு பெயரையும் வாசித்துவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். காலியாக இருந்தது. நேசக்கா இல்லாத இடத்தில் இருக்க மனமில்லை என்று சொல்லி, வட்டவடையில் கேரட் காட்டு வேலைக்கு இரண்டு நாள் முன்பே போய்விட்டார்களாம். பின்னால் திரும்பிப் பார்க்காமலேயே நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆமென் சொன்னீர்கள்.

அக்காவின் சிரிப்பு, சமையல், கைராசி எல்லாவற்றையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ளெக்ஸுக்கு ஆகும். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் திருப்பிக்கொண்ட முகத்தை. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் வட்டவடை ஜீப்பில் ஏறுகிறேன். டோக்கனுக்கு வேறு ஆள் பாருங்கள். சலோமி வீட்டு வாசலில் போய் நிற்பேன். ஓரமாக நில் என்று அவர்கள் சொன்னால், ஓரமாக நிற்பேன்.