மருந்து எடுத்தாச்சு

பிள்ளைகளே, முதலில் என் கண்ணில் பட்டது கை நடுக்கம்தான். ஆயக்குடியில் கட்டிக்கொடுத்த என் மகள் செல்வி, பண்ணைக்காடு என்ற மலையூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தவளுக்கு விரல் நிற்கவில்லை. மூக்கில் தண்ணீராக ஒழுகியது. கொட்டாவி மேல் கொட்டாவி.

“குளிருதா ஆத்தா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா, வேர்க்குது” என்றாள். கையெல்லாம் புல்லரித்துக் கிடந்தது.

நான் ஜீப் ஓட்டுகிறவன். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. உங்கள் வீட்டிலும் அம்மாவோ அக்காவோ இப்படிச் சுருண்டு கிடந்தால் பெரியவர்கள் உங்களிடம் விவரம் சொல்லமாட்டார்கள். ‘போய் விளையாடு’ என்று விரட்டிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவளுடைய மாமியார் எப்போதோ நோயைக் கண்டுபிடித்துவிட்டார். யாரோ மருந்து வைத்துவிட்டார்களாம். எங்கள் பக்கம் அப்படி ஒரு நம்பிக்கை. வேண்டாதவர்கள் சோற்றில் எதையோ கலந்து கொடுக்க, அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்பார்கள். அதை எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் உண்டு. மாமியார் அப்படி ஓர் ஆளிடம் கூட்டிப்போயிருக்கிறார். அவர் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, முடியும் பிசினுமாக ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டியிருக்கிறார். “பொறந்த வீட்டுச் சோத்துலதான் வச்சிருக்காக” என்று அந்த ஆள் சொல்ல, பழி எங்கள் தலையில் விழுந்தது.

மறுநாள் செல்விக்கு வாந்தி நிற்கவில்லை. நானும் என் வீட்டுக்காரியும் அவளைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மாவுக்கு வயது குறைவுதான். நிதானமாகக் கேட்டார்.

“இதுக்கு முன்னாடி மருந்து ஏதாவது எடுத்தாங்களா?”

“எடுத்தாச்சும்மா. ஆயக்குடியிலயே எடுத்தாச்சு” என்றாள் என் வீட்டுக்காரி.

“எவ்வளவு எடுத்தாங்க?”

“எலுமிச்சங்கா தண்டி இருந்துச்சாம்.”

டாக்டர் நிமிர்ந்தார். “அவ்ளோ பெரிய மாத்திரையா? யார் எழுதிக் கொடுத்தது?”

“எழுதவெல்லாம் இல்லம்மா. குழலு வச்சு வாயாலயே உறிஞ்சிட்டாரு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதைப் பார்த்துச் செல்வி சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. சிரிப்பு அப்படியே அழுகையானது.

“வச்சது நெசந்தான் டாக்டர்” என்றாள். “எங்க வீட்டுக்காரர்தான் வச்சாரு.”

அன்றுதான் எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. அவன் அடிப்பான். அடித்துவிட்டு அவனே கடையிலிருந்து வலி மாத்திரை வாங்கி வருவான். “போட்டுக்க, வெரசா எந்திரி, கொய்யா தரம் பிரிக்கிற சோலி கெடக்கு” என்பான். அது சாதாரண மாத்திரை இல்லை. மயக்கம் தரும் கடுமையான மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்ற கடைக்காரரும் ஒரு மனுஷனா? நாளாக ஆக, அடி இல்லாத நாளிலும் உடம்பு மாத்திரையைக் கேட்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அவன் மாத்திரையைப் பூட்டி வைத்திருக்கிறான். “வேணும்னா வாய மூடிக்கிட்டு இரு” என்றானாம்.

எனக்கு மனசு ஆறவே இல்லை, பிள்ளைகளே. குழல் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடிபட்டுக் கன்றிப்போன தடம் இருந்தது. இல்லாத உருண்டையைக் கண்டுபிடித்த கண்ணுக்கு அது தெரியாமல் போகுமா? சுற்றி நின்ற சொந்தபந்தத்தில் ஒருத்தருக்குக்கூடவா தெரியவில்லை?

இது அடிமைநோய் (ஒரு பொருள் இல்லாமல் உடம்பு இயங்க மறுக்கும் நிலை) என்றார் டாக்டர். நடுக்கமும் வாந்தியும் விலகல் அவதி (மாத்திரையை நிறுத்தியதும் உடம்பு அதைக் கேட்டுப் படும் பாடு).

“திமிருன்னு நினைக்காதீங்க. மறுபடியும் மாத்திரையைத் தேடலாம். அப்பவும் திட்டாம கூட்டிட்டு வாங்க” என்றார்.

அங்கேயே வார்டில் சேர்த்தார்கள். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “ஒண்ணே ஒண்ணு வாங்கியாப்பா.” மாட்டேன் என்றதும், “நீயெல்லாம் ஒரு அப்பனா?” என்று கத்தினாள். நான் வராந்தாவில் போய் நின்றேன். உங்கள் அம்மாவோ அக்காவோ இப்படிக் கத்தினால், நீங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டீர்கள் என்று நினைக்காதீர்கள். நோய்தான் அவர்களை அப்படிக் கத்தவைக்கிறது.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்த பிறகு அவள் மாமனார் நாலு பெரிய மனிதர்களோடு வந்தார். அவள் புருஷனைக் காணவில்லை.

“குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும் சம்பந்தி. அதான் மருந்து எடுத்தாச்சுல்ல, அனுப்பி வைங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி வெளியே வந்தாள்.

“ஆமா மாமா, எடுத்தாச்சு. மறுபடியும் வச்சவுக கைக்கே போகச் சொல்றீங்களா?”

“பொம்பளப் பிள்ள சபையில பேசுது பாரு” என்றார் கூட வந்த ஒருவர்.

“உருண்டைய எல்லாரும் பாத்தீங்கள்ல? இதையும் பாருங்க” என்று சொல்லிக் கையை அவர்கள் முன்னால் நீட்டினாள். அவன் அடித்ததில் முழங்கை ஒருமுறை முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒருவர் செருப்பைத் தேடினார். இன்னொருவர் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

“எந்திரிங்க சம்பந்தி” என்றேன். “எம்மக வரமாட்டா.”

மறுநாளே மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். அவனைக் கேட்கவேண்டியதை இனி அவர்கள் கேட்கட்டும்.

செல்வி முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். மருந்துக்கடை இருக்கிற தெருவில் அவள் தனியாக நடப்பதில்லை. சில நாள் முகம் இறுகிவிடும். அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் ஜீப் கதவைச் சாத்தும்போது அவள் விரல் நசுங்கியது. “ஐயோ, வலிக்குதுப்பா!” என்று அவள் அலறிய அலறலில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அடிபட்ட காலத்தில் ஒரு சத்தம் வெளியே விட்டதில்லை அவள். எனக்குக் கண் கலங்கிச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னப்பா சிரிக்கிற? இங்க உசுரு போகுது.”

“டாக்டரம்மாகிட்டப் போவமா?”

அவள் விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு டீக்கடைத் தொட்டித் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டாள்.

“வேணாம்ப்பா. கொஞ்ச நேரம் வலிக்கும். அப்பறம் போயிரும்.”

நானும் பக்கத்தில் நின்றேன்.