எனக்காக நிற்காத வாசிப்பு

மனைவி இறந்து பதினொரு நாள். எனக்கு அழுகையே வரவில்லை. வாசித்தாலாவது ஏதாவது தோன்றுமென்று, வேலை இருப்பதாக மகளிடம் பொய் சொல்லி, சாக்சபோனுடன் கண்டியிலுள்ள எங்கள் ஜாஸ் கிளப்பின் ஞாயிறு இசை வாசிப்புக்குப் போனேன்.

நான் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது. மூச்சு எழவில்லை. கருவியை வாயில் வைத்தபடி மரத்துப்போய் நின்றேன். வேறு யாராவது என் பகுதியை எடுத்து வாசிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் எடுக்கவில்லை; பின்னணியை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்த மஹய்யாவப் பகுதிச் செல்வி மெதுவாகச் சொன்னாள்: “அவசரமில்லண்ணே. நாங்க சுத்திச் சுத்தி வாசிச்சுக்கிட்டே இருக்கோம். நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க.”

அதே பகுதியை ஐந்தாறு முறை வாசித்தார்கள். கடைசியில் ஒரே ஒரு சுரம் ஊதினேன். அதுவும் பிசிறியது.

அன்றும் நான் அழவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும், எங்கே போயிருந்தேன் என்ற உண்மையை மகளிடம் சொல்ல முடிந்தது.