ஊசி போடாதவளோடு கேட்டில் நின்ற காலை

கொரோனா இரண்டாவது அலை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்த நேரம். தாராசுரத்துக்குப் பக்கத்தில் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் அப்போது நான் களத்து வேலை பார்த்தேன். இப்போதும் அங்கேதான். அவித்துக் கொட்டுகிற நெல்லைப் பரப்பி, துழாவி, காய்ந்ததும் குவித்துக் கொடுக்க வேண்டும். பெண்கள் ஒரு செட்டாகச் சேர்ந்து செய்வோம். கூலியும் மொத்தமாகச் செட்டுக்குத்தான். சாயங்காலம் சமமாகப் பிரித்துக்கொள்வோம். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவள் வேலையை மற்றவர்கள் இழுத்துப் போட்டுச் செய்துவிடுவோம்.

நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் கிடைக்காமல் எங்கள் தெருவில் ஒரு உயிர் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஊருக்கு கேம்ப் வந்ததும் முந்தியடித்துக்கொண்டு போய்க் கையை நீட்டினேன். பயந்து ஒளிந்தவர்களைத் திட்டித் திட்டியே இழுத்துப் போனதும் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எங்கள் செட்டில் ஒருத்தி மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரிலும் இளையவள். முதல் கரு கலைந்துபோய், ரொம்ப நாள் கழித்து மறுபடி உண்டாகியிருந்தாள். கர்ப்பிணிகளுக்குப் போடலாம் என்று அரசாங்கம் அப்போது இன்னும் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருந்தார். வேன் ஓட்டுகிற அவள் புருஷனுக்கு ஊரடங்கில் சவாரியே இல்லை. அவள் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி ஒரு உத்தரவு போட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஊசி போட்ட மெசேஜைப் போனில் காட்டினால்தான் உள்ளே விடுவார்களாம். அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. கூடப்பிறந்த தம்பியை அந்த அலையில்தான் பறிகொடுத்திருந்தார் மனுஷன். ஆனால் ஊசி போட்டுக்கொள்ள ஒரு நாள் லீவு கேட்டபோது மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டார். ஊசி போட்ட காய்ச்சலோடு வெயிலில் நின்று நெல் துழாவிய பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடிப் பேசினோம். எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. "நீ வீட்டுல இருடி. ஒன் வேலையயும் நாங்களே பாத்துர்றோம். சாயங்காலம் ஒன் பங்கு வீடு தேடி வரும்" என்றேன். என் பெரிய மனசை நினைத்து எனக்கே ஒரு மெப்பு வேறு.

அவள் முகம் சிவந்துவிட்டது. "எனக்குப் பங்கு வேணாங்க்கா, வேலதான் வேணும். வீட்டுல ஒக்காந்து ஒங்க ஒழைப்பத் திங்கறதுக்கு நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டது சரிதானே என்று செட்டில் எல்லோருக்கும் பட்டது.

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி கேட்டில் நின்று ஒவ்வொருவர் போனாக வாங்கிப் பார்த்தார். எங்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு அவளை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார். நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். பின்னாலேயே மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

"செட்டா வந்தோம், செட்டாத்தான் உள்ள போவோம் மேஸ்திரி" என்றேன்.

உள்ளே அவித்த நெல் குவியல் குவியலாக ஆவி பறக்கக் கிடந்தது. உடனே பரப்பாவிட்டால் சூடு உள்ளேயே தங்கி வாடை அடிக்கும், அரிசி பழுப்பேறிப் போகும். இது மேஸ்திரிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆவியைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசே கேட்கவில்லை. நாற்று நட்டு, களை பறித்து வளர்ந்தவளுக்கு நெல் கெடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசா? கால் தானாக உள்ளே போகப் பார்த்தது. ஆனாலும் நின்றோம்.

முதலாளி காரில் வந்து இறங்கினார். "என்னம்மா, ஆலைய இழுத்து மூடச் சொல்றீங்களா?"

"இல்லீங்க மொதலாளி. இவ ஊசியே போட்டுக்க மாட்டேன்னு சொல்லல. டாக்டரம்மா சரின்னு சொல்ற வரைக்கும் தனியா ஒரு வேல குடுங்க. மரத்தடியில ஒக்காந்து கோணி தைக்கட்டும். மாஸ்க் போட்டுக்குவா."

"ஒருத்திக்கு விட்டா ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவீங்க. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்" என்று கத்தினார். நானும் கத்தினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம், அவர் இம்மி அசையவில்லை.

எங்கள் செட்டில் ஒரு அக்கா உண்டு. எந்தச் சண்டைக்கு நடுவிலும் நலம் விசாரிக்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. "மொகமெல்லாம் வாடிக் கெடக்கே மொதலாளி, ஊசி போட்டதுல ஒங்களுக்கும் காய்ச்சல் வந்துருச்சுங்களா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்.

"நான் எங்கம்மா போட்டேன்? சுகர் ஏறிக் கெடக்குது. டாக்டர் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்காரு" என்றார் முதலாளி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மேஸ்திரி தன் செருப்பைப் பார்த்தார். எனக்கு ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

அவளே மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் அதேதாங்க சொல்லியிருக்காங்க."

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி, நீ மரத்தடிக்குப் போம்மா. நீங்கள்லாம் போயி நெல்லப் பாருங்க" என்றார்.

நான் நகரவில்லை. "ரெண்டாவது ஊசிக்கு லீவு..." என்று இழுத்தேன்.

"எடுத்துக்கங்க, கூலியோடயே எடுத்துக்கங்க. மொதல்ல நெல்லப் பாரு தாயி!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அடேயப்பா, அன்றைக்கு நாங்கள் ஓடிய ஓட்டம்! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மளமளவென்று பரப்பித் தள்ளினோம். நெல் கெடவில்லை. கோணி தைத்துக்கொண்டே அவள் மரத்தடியிலிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு கர்ப்பிணிகளும் போடலாம் என்று அறிவிப்பு வந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு அவளாகவே போய்ப் போட்டுக்கொண்டாள். யாரும் இழுத்துப் போகவில்லை, யாரும் மிரட்டவில்லை. சுகர் இறங்கியதும் முதலாளியும் போட்டுக்கொண்டார். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது அவளும் எங்களோடு களத்தில்தான் நிற்கிறாள். ஆலையில் புதிதாக எந்த விதி வந்தாலும், கேட்டில் ஒட்டுவதற்கு முன்னால் முதலாளி களத்துக்கு வந்து எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறார்.

அன்றைக்கு அவளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தால் ஊரில் எங்களை நல்லவர்கள் என்று சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். அவளோடு சேர்ந்து கேட்டில் நின்றதால்தான் இன்றைக்கும் அந்தக் களத்தில் நான் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.