எனக்கென்று ஒரு

அவளுக்கு மூன்று பெயர். வீட்டில் அக்கா, சலவைக் கம்பெனியில் மடிப்பக்கா, கம்பெனிக் காகிதங்களில் 417. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. நாமும் அதை விட்டுவிடுவோம்.

ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கிற கம்பெனி அது. சூடான உருளைக்குள் போன விரிப்பு மறுபக்கம் ஆவி பறக்க வெளியே வரும். இரண்டு பேர் மூலைக்கு மூலை பிடித்து, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் நடந்து வந்து மடிக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக மடிப்பக்காவுக்கு இதுதான் வேலை. எதிர்மூலையைப் பிடிக்கிறவளுக்கு வாயாடி என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று ஒரு விரிப்பு மடிப்பதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

குடியிருப்பது தம்பி வீட்டில். அவனுக்குப் பிள்ளை பிறந்தபோது மூன்று மாசம் ஒத்தாசைக்கு என்று வந்தவள். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது, அந்த மூன்று மாசம் இன்னும் முடிந்தபாடில்லை. அதற்கு முன்னால் அவனைப் படிக்க வைத்தாள், அதிலேயே கல்யாண வயசும் போய்விட்டது. படுப்பது அலமாரிக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில். வீட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று தம்பியிடம், ஒன்று அவன் பெண்டாட்டியிடம். "மூணாவது எதுக்கு அண்ணி, வீட்ல யாராவது இருக்கத்தானே போறோம்" என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால் மடிப்பக்கா தினமும் கதவைத் தட்டித்தான் உள்ளே போவாள்.

போன மாசம் மாடி ஆபீஸ்காரர்களுக்கு யாரோ கோட்டு சூட்டு போட்டவர் வந்து ஒருநாள் முழுக்க வகுப்பு எடுத்தார். 'உன் இலக்கு என்ன என்று உன்னையே கேள்' என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை கூட படிக்கட்டில் தொங்கியது. அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை கீழே இருக்கிற எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். முதல் கட்டத்தில் 'பணியாளர் இலக்கு' என்று அச்சடித்திருந்தது. மற்றதெல்லாம் பிரிவு, சட்டை அளவு என்று வழக்கமான சங்கதி.

மற்றவர்கள் யாரும் படிக்கவே இல்லை. முதல் கட்டம் என்றால் நம்பர், எழுதித் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். மடிப்பக்காவுக்குக் கறை தேடியே பழகிய கண். எதைக் கொடுத்தாலும் எழுத்துக்கு எழுத்து பார்ப்பாள். மாடியில் கேட்ட கேள்வி கீழேயும் இறங்கி வந்துவிட்டது என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் தன்னிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். வீட்டில் யோசித்து எழுதித் தருகிறேன் என்று படிவத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.

யோசித்தது வீட்டில் இல்லை, மறுநாள் விரிப்பு மடிக்கும்போதுதான். உனக்கு என்ன வேணும்டி என்று தன்னையே கேட்டாள். தம்பி மகன் படிச்சு முடிக்கணும். சரி, அது அவனுக்கு. உனக்கு? தம்பிக்கு முட்டிவலி தீரணும். அடச்சீ, அதுவும் உனக்கில்லை. எந்தப் பதிலை எடுத்தாலும் அதில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னக்கா, ஆவி கண்ணுல பட்டுடுச்சா?" என்றாள் வாயாடி.

"ஆமா" என்றாள்.

சாயங்காலம் கதவைத் தட்டிவிட்டு வாசலில் நிற்கும்போதுதான் பதில் வந்தது. உள்ளே டிவி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நாலாவது தடவை தட்டும்போது, எனக்கென்று ஒரு கதவு வேண்டும், அதற்கு என் கையில் சாவி வேண்டும் என்று தோன்றியது. இதில் வேறு யாரும் இல்லை. அப்படியே அழகாக எழுதினாள்: 'எனக்கென்று ஒரு கதவு. அதற்கு என் கையில் ஒரு சாவி.'

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் தனியாகப் போகலாமென்று இருப்பதாகச் சொன்னாள். அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏன்க்கா, இப்ப உன்னை யாரு கேட்டா?"

"கம்பெனியில கேட்டிருக்காங்க."

"அவங்களுக்கு வேற வேலை இல்ல."

நீ போனால் நாங்கள் என்ன செய்வோம் என்று ஒரு வார்த்தை, ஒப்புக்காவது ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். தம்பி பெண்டாட்டிதான் வாயைத் திறந்தாள். "அண்ணி இஷ்டம். நாம ஏன் தடுக்கணும்?" மறுநாள் மடிப்பக்கா படிவத்தை ஆபீஸில் கொடுத்துவிட்டு, வேலை முடிந்து வந்தபோது அவள் இஞ்சுடேப்பை வைத்து அந்த இடுக்கை அளந்துகொண்டிருந்தாள். அந்த வாரமே புது ஃப்ரிட்ஜ் வந்து அங்கே நின்றது. பாய் ஹாலுக்குப் போனது. நான் இல்லாவிட்டால் இந்த வீடு ஓடாது என்று நம்பித்தானே இத்தனை வருஷம் ஓடாய்த் தேய்ந்தாள்.

கம்பெனிக்குப் போகிற தெருவில் ஒரு வீட்டு வாசலில் 'பெண்களுக்கு அறை வாடகைக்கு' என்று பலகை தொங்கும். தினமும் அங்கே நடையைக் குறைப்பாள். மணி அடிக்க மாட்டாள். கேட்டவர்கள் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தாள். மாடியிலிருந்து யார் இறங்கி வந்தாலும் நிமிர்ந்து பார்ப்பாள். மூன்று வாரம் இப்படியே போனது.

அப்புறம் வந்தது புதுச் சட்டைதான். வேலைச் சட்டை, இடது பாக்கெட்டுக்கு மேலே சிவப்பு நூலில் அவரவர் நம்பர். வாயாடிக்கு 422. மடிப்பக்கா தன் சட்டையைப் பிரித்தாள். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'எனக்கென்று ஒரு' என்று தைத்திருந்தது. அவ்வளவுதான்.

ஆபீஸ் கிளார்க்கிடம் ஓடினாள். அவர் பழைய படிவத்தைத் தேடி எடுத்து, பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"அது இலக்கம்னு இருக்கணும். பணியாளர் இலக்கம், உங்க நம்பர். அடிச்சவன் 'கம்'முக்கு 'கு' போட்டுட்டான். வந்ததை அப்படியே தையல்காரங்களுக்கு அனுப்பிட்டோம். மெஷின் பத்து எழுத்துக்கு மேல போடாது, அதான் பாதியில நிக்குது."

"அப்ப இலக்கு என்னன்னு கேக்கலையா சார்?"

"கீழ இருக்கறவங்களை எதுக்கு அதெல்லாம் கேக்கப் போறோம்?" அவர் நல்ல மனுஷர், புண்படுத்தச் சொல்லவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. "அடுத்த வருஷம் சட்டை தரும்போது மாத்திக்கலாம். அதுவரைக்கும் இதையே போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டாள். அன்று முழுக்கக் கம்பெனியில் அதே பேச்சு. "எனக்கென்று ஒரு என்னக்கா? புருஷனா?" என்றாள் வாயாடி, விரிப்போடு கிட்டே வந்து. எல்லோரும் சிரித்தார்கள். மடிப்பக்கா மூலையை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள். பத்தொன்பது வருஷமாக ஒரு கறையை விட்டதில்லை, ஒரு எழுத்தில் கோட்டை விட்டுவிட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம். ஆனால் எழுதினது பொய்யா என்று கேட்டுப் பார்த்தாள். பொய்யில்லை. கேள்விதான் தப்பு, பதில் சரி.

சாயங்காலம் திரும்பும்போது அந்தப் பலகை அங்கேயேதான் தொங்கியது. வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். மூன்றாவது தட்டலுக்குத் தம்பி திறந்தான். சட்டையைப் பார்த்தான்.

"என்னக்கா இது, பாதியில நிக்குது? அந்தக் கம்பெனியில கேட்டாங்கன்னியே, அதுவா?"

"யாரும் கேக்கலடா. நானேதான் என்னைக் கேட்டுக்கிட்டேன்."

அவன் காதில் அது விழுந்ததோ இல்லையோ, டிவி பக்கம் திரும்பி நடந்துவிட்டான். "சரி சரி, கதவைச் சாத்திட்டு வா" என்றான்.

சாத்தினாள். வெளியே நின்றபடியே சாத்தினாள்.