ஏறின இடத்திலேயே இறக்கி விடுங்க, சம்பந்தி

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். திண்டிவனத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். அரைக்க வருகிறவர்களின் டப்பா மேல் சாக்பீஸால் அடையாளம் போடுவதைத் தவிர இந்தக் கைக்கு எழுத்து வேலை கிடையாது. மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நான்காவது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது நடந்தது 2012-ஆம் வருடம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் ஊருக்கு வெளியே இருக்கிற ஏரியில். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது.

அதற்கு முந்தின வருடம்தான் எனக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொன்னார். தினமும் காலையில் நடக்கச் சொன்னார். நாள் முழுக்க மில்லில் நின்றுகொண்டுதானே இருக்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு யாரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச வராது. மாவு கொரகொரப்பாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், இல்லை என்று தெரிந்தாலும் மறுபடி போட்டு அரைத்துக் கொடுத்துவிடுவேன். பந்தியில் 'போதும்' என்று சொல்லக் கூச்சப்பட்டே வயிறு உப்பி எழுந்தவன் நான்.

ஏரிக்கரை மேல் காலையில் ஒரு கூட்டம் நடக்கும். ரிடையர் ஆன வாத்தியார்கள், பேங்க்கில் வேலை பார்த்த ஒருவர், ஒரு நர்ஸம்மா என்று பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். நான் அவர்களுக்குப் பத்தடி பின்னாலேயே நடப்பேன். ஆறு மாதம் வரை என் குரலை யாரும் கேட்டதில்லை. அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி ஒரு டிரில் மாஸ்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் விசில் மட்டும் அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை. அவர்தான் அந்த வருடம் ஏரி நிரம்பியதும் ஒரு போட்டி வைத்தார். ஏரியில் இருநூறு மீட்டர் நீச்சல், அப்புறம் பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் நாலு கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். பேனரில் 'டிரையத்லான்' என்று போட்டிருந்தது. எனக்கு அது வாயில் நுழையவில்லை. மனதுக்குள் 'மூணு போட்டி' என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கிற எல்லாருக்கும் பெயர் எழுதிய சர்டிபிகேட் உண்டு என்றார்கள். ஃபாரத்தை என் கையிலும் ஒன்று திணித்தார்கள். பெயர், வயது, நீச்சல் தெரியுமா, அவ்வளவுதான் கேட்டிருந்தது. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். படிப்பு என்ன என்று எங்கேயும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு ஃபாரத்தை அன்றுதான் பார்த்தேன்.

என் மகளின் சர்டிபிகேட் பைல் கனமாக இருக்கும். எனக்கென்று ஒரு காகிதம் கிடையாது. அந்த ஒன்று எனக்கு வேண்டும் போல இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"ஏங்க, சர்க்கரைக்கு மாத்திர போட்டா போதாதா? ஏரில குதிக்கணுமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அரை டவுசரு போட்டுக்கினு ரோட்டுல ஓடறது சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சா இன்னா நெனப்பாங்க?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். மகளுக்கு நிச்சயம் முடிந்து, மாசியில் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா அனந்தபுரம் பக்கத்தில் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். நான் அவர் முன்னால் உட்கார்ந்ததே இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் இஸ்திரி போட்ட வேட்டி சட்டையில் உட்கார்ந்து, அவர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தேன். ஓடப் போவது வேறு ரோடு, அவர் எங்கே பார்க்கப் போகிறார் என்று ஃபாரத்தைக் கொடுத்துவிட்டேன். புஜத்தில் மார்க்கர் பேனாவால் முப்பத்தொன்று என்று நம்பர் எழுதினார்கள்.

நான் நீந்தப் பழகியது கிணற்றில். கிணற்றில் நாலு தடவை கை போட்டால் சுவர் வந்துவிடும், கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். ஏரியில் அந்தச் சுவர் வரவே இல்லை. கை தன்னால் கல்லைத் தேடியது. கிணற்றுப் பழக்கத்தில் என்னை அறியாமல் வட்டம் அடித்தேன். லாரி டியூப் மேல் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர், "அண்ணே, கரை அந்தாண்ட! திரும்ப வந்த வழியே போறீங்களே!" என்று இரண்டு தடவை கத்தினார். எப்படியோ கரை ஏறினேன்.

மற்றவர்கள் ஈரத்தோடு அப்படியே ஓடிப்போய் சைக்கிளில் ஏறினார்கள். எனக்கு அது முடியவில்லை. லுங்கியைக் கழுத்து வரை தூக்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளே ஈர டவுசரைக் கழற்றி, காய்ந்ததை மாட்டி, பனியன் போட்டு, லுங்கியை மடித்து வைத்தேன். பழக்கதோஷத்தில் தலையும் வாரிவிட்டேன்.

"யோவ் முப்பத்தொண்ணு! பொண்ணு பாக்கவா போற? ஜல்தி!" என்று டிரில் மாஸ்டர் விசில் அடித்தார். கரையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

சைக்கிளில்தான் கொஞ்சம் மானம் திரும்பியது. என்னுடையது கேரியர் வைத்த பழைய கனத்த சைக்கிள். மூட்டை ஏற்றி ஏற்றி மிதித்த காலுக்கு, மூட்டை இல்லாமல் மிதிப்பது பறப்பது போல இருந்தது. கியர் சைக்கிள்காரர்கள் நாலு பேரைத் தாண்டினேன். பேங்க்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னாங்க சாப்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

ஓட்டம்தான் எனக்குப் புதுசு. ரோட்டோரமாக இரண்டு கிலோமீட்டர் போய், அங்கே வைத்திருக்கிற டிரம்மைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். சைக்கிளில் நான் தாண்டினவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பத் தாண்டிப் போய்விட்டார்கள். டிரம் பக்கத்தில் நேரம் குறித்துக்கொண்டிருந்தவர், "இன்னும் அரை மணி நேரம் இருக்குதுங்க. மெதுவா ஓடினாலே போயிடலாம்" என்று தண்ணீர் கொடுத்தார். எனக்குள் ஒரு சந்தோஷம். திரும்பி ஓடினேன். எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் டிரம்முக்கே வந்து சேரவில்லை. முன்னால் போனவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. ரோட்டில் நான் மட்டும்தான்.

ஒரு மைல்கல்லைத் தாண்டும்போது, பின்னாலிருந்து வந்த மொபெட் ஒன்று என்னைத் தாண்டிப் போய் வளைந்து குறுக்கே நின்றது. ஓட்டி வந்தவர் என் சம்பந்தி. கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளை எங்கள் வீட்டில் காட்டலாம் என்று, யாரையோ பார்த்துவிட்டு அந்த வழியாக வந்திருக்கிறார்.

"ஐயையோ, சம்பந்தி! இன்னா ஆச்சு? ஊட்ல யாருக்கு இன்னா?"

எனக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. ஒன்றுமில்லை என்பதற்குக் கையை விரித்துக் காட்டினேன். எல்லாம் போச்சு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"வேட்டி கூடக் கட்டாம ஓடியாறீங்களே! கையில இன்னா நம்பரு? ஆஸ்பத்திரியில போட்டதா? ஏறுங்க, ஏறுங்க. எதுவும் பேச வேணாம்" என்றவர், தோளில் கிடந்த துண்டை உருவி, "மொதல்ல இத்தக் கட்டிக்குங்க" என்று நீட்டினார்.

துண்டை டவுசர் மேல் கட்டிக்கொண்டேன். அதைக் கட்டியதும் பாதி வெட்கம் போனது. மீதி வெட்கத்தில் வண்டியில் ஏறிவிட்டேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சம்பந்தி ஏறு என்றால், எங்கள் பக்கத்தில் ஏறாமல் நிற்கிறவர் யாரும் இல்லை.

பொய் சொல்லக் கூடாது, சுகமாக இருந்தது. காலுக்கு ஓய்வு, முகத்துக்குக் காற்று. அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பி, "தைரியமா இருங்க. நான் இருக்கேன். இன்னா ஆனாலும் நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். அவ்வளவு பாசமாகச் சொல்கிறவரிடம் இது போட்டி என்று எப்படிச் சொல்வது? ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். தூரத்தில் ஏரிக்கரைக் கொடிகள் தெரிந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டியில் வந்து வாங்கினால் அது என் சர்டிபிகேட்டா?

யாரும் பார்க்கவில்லை. இங்கேயே இறங்கி மிச்சத்தை ஓடிவிடலாமா என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

"வண்டிய நிறுத்துங்க, சம்பந்தி" என்றேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் நிறுத்திவிட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. போட்டி. நீச்சல், சைக்கிள் ரெண்டும் முடிச்சிட்டேன். ஓட்டம் பாதியில இருக்குது."

"போட்டியா? நீங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் அங்கேர்ந்து எல்லா சாமியையும் கூப்ட்டுக்கினு வர்றேன்யா! பேஜாரு பண்ணிட்டீங்களே!" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். அப்புறம் கொடியைப் பார்த்தார். "சரி, அந்தா, அங்கதான முடியுது? இப்பிடியே எறங்கி ஓடுங்க. யாரு பாத்தா?"

"ஏறின இடத்திலேயே இறக்கி விடுங்க, சம்பந்தி."

அவர் என்னையே பார்த்தார். கோபித்துக்கொண்டால் மகள் கதி என்ன என்று பயமாக இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவர் வண்டியைத் திருப்பினார்.

"இந்தப் புளியமரந்தான?"

"இல்லீங்க, இன்னும் கொஞ்சம் முன்ன. மைல்கல்லாண்ட."

"நாலடி கொறைஞ்சா இன்னாய்யா?" என்று முணுமுணுத்தாலும், மைல்கல்லிலேயே கொண்டுபோய் விட்டார்.

நான் ஓட ஆரம்பித்தேன். அவர் வீட்டுக்குப் போகவில்லை. என் பின்னாலேயே மெதுவாக மொபெட்டை ஓட்டிக்கொண்டு ஆரன் அடித்தார். எதிரே ஆடு வந்தால், "ஆட்ட ஓரம் ஓட்டும்மா, எங்க சம்பந்தி ஓடியாறாரு!" என்பார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த, சம்பந்திக்குத் தெரிந்தவர் ஒருவர், "இன்னாப்பா, கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணோட அப்பன ஓட உட்டுட்டியா?" என்று கேட்க, கடையே சிரித்தது. எனக்குச் சிரிக்கவும் மூச்சு இல்லை. துண்டு அவிழ அவிழ ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடி, கொடியைத் தொட்டேன்.

"ஆறு நிமிஷம் பாக்கி!" என்று டிரில் மாஸ்டர் கை தட்டினார். நர்ஸம்மா எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார். டிரில் மாஸ்டர் சர்டிபிகேட்டை எடுத்து வைத்து, அழகான கையெழுத்தில் என் பெயரை எழுத ஆரம்பித்தார். இரண்டு எழுத்து எழுதிவிட்டார்.

"சார், நடுவுல வண்டியில ஏறிட்டேன்" என்றேன். "திரும்பப் போயி, ஏறின இடத்துல எறங்கி, அங்கேர்ந்து ஓடி வந்தேன்."

பேனா நின்றது. "ஏன்யா ஏறுன?"

"சம்பந்தி ஏறச் சொன்னாருங்க."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிரில் மாஸ்டரும் சிரித்தார். ஆனால் பேனாவை மூடிவிட்டார். "வண்டியில ஏறினா பேர எடுத்துடுவோம்னு நான்தான் எழுதி வச்சேன். நானே மீறக் கூடாது" என்றார்.

முழுத் தூரமும் ஓடிவிட்டாரே என்று பேங்க்காரர் வாதாடினார். நர்ஸம்மாவும் சேர்ந்துகொண்டார். எல்லாரையும் விடச் சம்பந்திதான் கத்தினார். "தப்பு என்னுது சார்! நான்தான் ஏத்துனேன்! எடுக்கறதா இருந்தா என் பேர எடுங்க!"

"நீங்க நீந்துனீங்களா?" என்று கேட்டார் டிரில் மாஸ்டர்.

எனக்காக அத்தனை பேர் சண்டை போட்டதில் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. "சார் சொல்றது சரிதாங்க. உடுங்க" என்றேன். அன்று காலையில் நான் பேசிய அளவு, அதற்கு முந்தின ஆறு மாதத்தில் பேசியதில்லை.

டிரில் மாஸ்டர் ரிஜிஸ்டரைத் திறந்தார். மற்றவர்கள் பெயருக்கு நேராக முடித்த நேரம் போட்டிருந்தது. என் பெயருக்கு நேராக ஏதோ எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லித் திருப்பிக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'வண்டியில் ஏறியதை அவரே சொன்னார். முழுத் தூரமும் ஓடினார். சான்றிதழ் இல்லை.' அதற்குக் கீழே என் கோணல் கையெழுத்தைப் போட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று வரியில் பொய் எதுவும் இல்லை.

வீட்டுக்குச் சம்பந்தியோடு போனேன். சைக்கிளை நான் தள்ள, அவர் மொபெட்டைத் தள்ள, இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தோம். அன்றைக்குத்தான் அவரோடு நான் பேசினேன் என்று சொல்ல வேண்டும். கல்யாணத்தில் இந்தக் கதையை அவர் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. முதல் பந்தியில் ஒரு கிலோமீட்டராக இருந்த தூரம், கடைசிப் பந்தியில் பத்து மைலாகிவிட்டது.

அடுத்த வருடம் ஏரி நிரம்பவில்லை. அதற்குள் டிரில் மாஸ்டரும் மகனோடு வெளியூர் போய்விட்டார். அந்தப் போட்டி மறுபடி நடக்கவே இல்லை. என்னிடம் சர்டிபிகேட்டும் கிடையாது. இன்றைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரம் வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் சம்பந்தியிடமே வண்டியை நிறுத்தச் சொன்னவன்தானே நான் என்று நினைத்துக்கொண்டால், மெதுவாகவாவது அந்த வார்த்தை வெளியே வந்துவிடுகிறது.

எழுதி முடித்தது: 14.8.2016, ஞாயிற்றுக்கிழமை.