அப்படியே படிங்க, மாப்ள

என் தங்கை வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் புலி. இதை நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். காக்களூரில் போல்ட்டு நட்டு செய்யும் ஒரு கம்பெனியில் அவர் பில் அடித்துக்கொண்டிருந்தார். புலிப் பட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நான் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அது திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும்படி செய்து, மூன்று வருடமாக அதோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் வீட்டைப் பொறுத்தவரை அது எனக்கு யாரோ வாங்கிக் கொடுத்த விளையாட்டுச் சாமான்.

அந்தப் பெட்டிக்குள் என் பிழைப்பு இருந்தது. வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறிப் போய் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்தேன். டெலிபோன் போர்டை எடுத்துவிட்டுத் தானே பேசும் மெஷின் வைக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அஞ்சல் வழியில் படித்த எம்.ஏ. வரலாற்றில் எனக்கு ஒரே ஒரு தாள் பாக்கி. அதையும் முடித்துவிட்டால் ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்து சேர்ந்துகொள் என்று ஒரு பள்ளித் தாளாளர் வாக்குக் கொடுத்திருந்தார். டிசம்பரில் தேர்வு. அந்தத் தாளுக்கான பாடம் முழுவதையும் ஆவடியில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா கேசட்டில் படித்துக் கொடுத்திருந்தார். கமா வந்தால் மூச்சு விடுவார், புள்ளி வந்தால் நிறுத்துவார். கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அதே கேசட்டுகளை அடுத்த பாடம் பதிய அவரிடமே திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். பிறகு அவர் மகனோடு வெளிநாடு போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கடம்பத்தூரிலிருந்து தங்கையோடு வந்தார். சினிமாப் பாட்டு நிறைந்த பென் டிரைவ் ஒன்றை என்னைக் கேட்காமலே என் மெஷினில் செருகினார். பாட்டோடு வைரஸும் வந்தது. மறுநாள் விண்டோஸ் எழும்பவில்லை. விண்டோஸ் படுத்தால் எனக்கு வாசித்துச் சொல்லும் குரலும் கூடவே படுத்துவிடும்.

நான் பதறவில்லை. இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்துதான் திருவள்ளூர் கடையொன்றில் என் விண்டோஸை அப்படியே நகலெடுத்து சிடியில் வாங்கி வைத்திருந்தேன். பாடங்கள் டி டிரைவில் தனியாக இருந்தன. சிடியில் அடங்காத அளவு பெரியவை. அவற்றைத் தொடவே தேவையில்லை. சிடியைப் போட்டு, பழைய விண்டோஸை சி டிரைவில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலை முடியும்வரை மெஷின் பேசாது. அதனால் எந்த இடத்தில் எந்தச் சாவியை அழுத்துவது என்று மனப்பாடமாக வைத்திருந்தேன். நடுவில் வேறேதாவது கேட்டால் படித்துச் சொல்ல ஒரு ஜோடி கண் மட்டும் வேண்டும்.

அடுத்த ஞாயிறு அந்தக் கண் வந்தது, மாப்பிள்ளை ரூபத்தில்.

"நீ சும்மா குந்து. மாப்ள இருக்காரு, பாத்துக்குவாரு" என்றாள் அம்மா.

"மாப்ள, நீங்க எதையும் தொட வேணாம். திரையில இன்னா வருதோ அத்த அப்படியே படிங்க" என்றேன்.

"படிக்கறேன் மச்சான், நீங்க டென்ஷன் ஆவாதீங்க."

சிடி சுற்றத் தொடங்கியது. "இன்னா வருது?" என்று கேட்டேன்.

"நீலமா கீது மச்சான்."

"கலரு வேணாம். எழுத்தப் படிங்க."

"இன்னாமோ இங்கிலீஷ்ல கேக்குது. வழக்கமா கேக்கறதுதான்."

"இன்னா கேக்குது?"

"அதான் மச்சான், எஸ் குடுத்துட்டேன்."

கண் உள்ளவர்களிடம் எனக்குள்ள தீராத எரிச்சல் இதுதான். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு பார்வை பார்ப்பார்கள், புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள், புரிந்ததைச் சொல்வார்கள். கடிதம் படிக்கச் சொன்னால் "எல்லாரும் சௌக்கியமாம்" என்று மடித்துக் கையில் கொடுப்பார்கள். மருந்துச் சீட்டைப் படிக்கச் சொன்னால் "காய்ச்சல் மாத்திரைதான்" என்பார்கள். எழுத்து அவர்களுக்கு, கேட்கும் எனக்கு அவர்களுடைய மொழிபெயர்ப்பு!

சிடி வெகுநேரம் உறுமியது. முடிந்த பிறகும் விண்டோஸ் எழும்பவில்லை. மாப்பிள்ளையை எழுப்பிவிட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். மனப்பாடச் சாவிகளை முதலிலிருந்து அழுத்தினேன். இந்த முறை எழும்பியது, பேசியது. "பாத்தீங்களா, பேசுது!" என்று மாப்பிள்ளை கை தட்டினார். நான் டி டிரைவைத் திறந்தேன். அதற்குள்ளும் ஒரு விண்டோஸ் இருந்தது. டீச்சரம்மா இல்லை. துருவிக் கேட்டதில் தெரிந்தது, அவர் எஸ் கொடுத்த அந்த வழக்கமான கேள்வி இதுதான்: டி டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா? ரெண்டு டிரைவில் டி பெரிசாகத் தெரிந்ததாம், அதனால் அதைத் தேர்ந்தெடுத்தாராம். பூமாலை கிடைத்த குரங்காவது அதைப் பிய்ப்பதற்குள் ஒருமுறை முகர்ந்து பார்க்கும்.

திருவள்ளூர் கடைக்காரர் தோண்டிப் பார்த்துவிட்டு, மேலே எழுதிவிட்டதால் மீட்க முடியாது என்று கையை விரித்தார். வீட்டில் ஆறுதல் சொன்னார்கள். போனது போகட்டும் என்றாள் அம்மா. போனது அவளுடையதா என்ன?

எனக்கு வேறு ஆள் கிடையாது. அழித்தவர்தான் படித்துத் தர வேண்டும் என்று நின்றேன். டிசம்பர்வரை ஞாயிறுதோறும் மாப்பிள்ளை என் மைக் முன்னால் உட்கார்ந்தார். அவர் படித்த அழகைச் சொல்ல வேண்டும். வாக்கியத்தின் தலையைப் படிப்பார், வாலை முழுங்குவார். "இவர் கி.பி... ஒரு வருஷம் போட்டிருக்கான் மச்சான்" என்பார். மன்னர்கள் நாலு பேர் வரிசையாக வந்தால் "முதலானோர்" என்று மூவரைக் கொன்றுவிடுவார். நிறுத்திப் பின்னால் போய்த் திரும்பப் படிக்க வைத்தேன். தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரே ஒரு நாள் லீவுல வந்து தொண்ட கட்டிக்கினு படிக்கறாரு. நீ இன்னா நொட்ட சொல்லிக்கினு கீற?"

சொன்னேன்தான். சொல்லாமல் விட்டிருந்தால் வெள்ளைக்காரன் இந்தியாவுக்கே வந்திருக்க மாட்டான்.

ஒவ்வொரு வாரமும் பதிந்ததை அன்றன்றைக்கே நகலெடுத்தேன். டிரைவில் ஒன்று, சிடியில் ஒன்று, நண்பன் வீட்டில் இன்னொன்று. அதில் ஒரு எழுத்துகூட இனி தொலையாது என்று நிம்மதியாகப் படித்தேன். தேர்வன்று எனக்காக எழுத வந்த பெண் கேள்வித்தாளை வாசித்தாள். நல்ல பெண், மதிப்பெண் உட்பட எல்லாவற்றையும் வாசித்தாள். கட்டாயக் கேள்வி, இருபது மதிப்பெண்: செங்கல்பட்டு ஜாகீரின் நிலவரி முறையை விவரி. எங்கள் வேப்பம்பட்டும் அடங்கிய பழைய செங்கல்பட்டுச் சீமை, நான் நடந்து திரியும் மண்ணைப் பற்றிய கேள்வி. எனக்கு ஒரு வரி தெரியவில்லை. என் பாடத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று சத்தியம் செய்திருப்பேன். அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றேன்.

பன்னிரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. ஜூனில் அந்தப் பள்ளியில் வேறொருவர் சேர்ந்தார். டெலிபோன் போர்டு இருந்த இடத்தில் மெஷின் பேச ஆரம்பித்தது.

முடிவு வந்த அன்று மாப்பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்து ஜாகீரைத் தேடச் சொன்னேன். சட்டென்று எடுத்துவிட்டார்.

"இருக்கு மச்சான். கட்டம் கட்டி, பொடி எழுத்துல ரெண்டு பக்கம். முக்கியம்னா பெரிய எழுத்துல போட்டிருப்பான்னு நான்தான் வுட்டுட்டேன்."

"இப்ப படிங்க" என்றேன்.

படித்தார். ஒரு சொல் விடாமல், புள்ளிக்குப் புள்ளி நிறுத்திப் படித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.